பெண்மானா, குட்டியா: ட்ரிகரைத் தொடும் முன் நான் பார்ப்பவை

2014 நவம்பர் 22, சனிக்கிழமை. விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் ஒன்பது நாள் பருவத்தின் முதல் காலை. மேடிசனுக்கு மேற்கே ஐயோவா கவுண்டியில் (பக்கத்து மாநிலமான ஐயோவா வேறு, இது விஸ்கான்சினுக்குள்ளேயே இருக்கும் மாவட்டம்) ஒரு பால்பண்ணைக்காரரின் நிலத்தில், ஓக் மரத்தில் கட்டிய ஸ்டாண்டில் இருட்டோடு ஏறி உட்கார்ந்திருந்தேன். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன், ஆரஞ்சு உடுப்பு போட்டிருந்தேன், கையில் கொம்பில்லா மானைச் சுட அனுமதிக்கும் டேக் இருந்தது. எல்லாம் முறைப்படிதான்.

ஏழரை மணி வாக்கில் தோப்பு ஓரத்திலிருந்து ஒரு மான் தனியாகக் குதிரைமசால் வயலுக்குள் வந்தது. கொம்பு இல்லை. தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தது. எழுபது கஜம் இருக்கும். துப்பாக்கி மேலிருக்கும் ஸ்கோப்பில் பார்த்தபோது எனக்கு அது பெரிய பெண்மானாகத்தான் தெரிந்தது, உடம்பு உருண்டு திரண்டு, மயிர் அடர்ந்து. சுட்டேன். முப்பது அடி ஓடி விழுந்தது.

இறங்கி நடந்தேன். கிட்டே போகப் போக மான் சின்னதாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் மண்டியிட்டபோது அது நம்மூர் வெள்ளாட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. பண்ணைக்காரர் டிராக்டரில் வந்தார். எழுபது வயதுக்காரர், சிறுவயதிலிருந்து அதே நிலத்தில் வேட்டையாடுகிறவர். ஒன்றும் சொல்லவில்லை. என் கையுறையைக் கழற்றச் சொல்லி, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, மானின் நெற்றிக்கு மேலே இரண்டு காதுக்கும் நடுவே வைத்து அழுத்தினார். மயிருக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு புடைப்பு. தோலுக்குள்ளேயே இருக்கும் கொம்பு முளை. "இது ஆண் குட்டி. போன ஜூனில் பிறந்தது" என்றார்.

சட்டப்படி தப்பில்லை. விஸ்கான்சினில் கொம்பு மூன்று அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் அது கொம்பில்லா மான் கணக்கில்தான் வரும். அப்போதெல்லாம் சுட்ட மானை நேரில் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வேண்டும் (2015இலிருந்து போன் மூலமோ இணையத்திலோ செய்துவிடலாம்). பெட்ரோல் பங்கில் இருந்த பதிவு நிலையத்தில் வாயைத் திறந்து பார்த்துவிட்டு "ஆறு மாசம்" என்று எழுதிக்கொண்டார்கள். குடல் நீக்கிய எடை 64 பவுண்டு.

எனக்கு மனசு ஆறவில்லை. குட்டியைச் சுட்டதால் மட்டுமில்லை. நான் ஒன்றைப் பார்த்து, அதை வேறொன்று என்று முழு நிச்சயமாக நம்பிச் சுட்டிருக்கிறேன். துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய தப்பு இருக்க முடியாது. அந்தக் குளிர்காலம் முழுக்க அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு நவம்பரிலும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் புதிதாக வேட்டைக்கு வரும் நம் ஆட்கள் சிலர் என்னிடம் கேட்பதும் இதைத்தான்: கொம்பில்லாத மானில் எது பெண், எது குட்டி, எதைச் சுட வேண்டும்?

முதலில் ஒரு விஷயம், ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைத் தொட்டால் சிறை. அங்கே அது சரி. இங்கே வெள்ளைவால் மான் விஸ்கான்சினில் மட்டும் பதினைந்து லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. தெற்குப் பகுதியில் அதைக் கட்டுப்படுத்த ஓநாய்க் கூட்டங்கள் இல்லை, தின்பதற்கு ஏக்கர் ஏக்கராக மக்காச்சோளமும் சோயாவும் இருக்கிறது. ஓக் கன்று ஒன்று தலை தூக்கினால் அடுத்த வாரம் அது இருக்காது. ஆண்மான்களை மட்டும் சுட்டால் எண்ணிக்கை குறையாது, ஒரு ஆண் பல பெண்களோடு சேரும். வளர்ந்த பெண்மான் பெரும்பாலும் வருடத்துக்கு இரட்டைக் குட்டி போடும். அதனால்தான் அரசே பெண்மானுக்கென்று மாவட்டவாரியாகத் தனி டேக் கொடுக்கிறது. இங்கே இதற்கு "அறுவடை" என்கிற அர்த்தத்தில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வராது. நான் சுட்டேன் என்றுதான் சொல்வேன், அதற்கான பொறுப்பும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஏமாந்த முதல் காரணம், அந்த மான் தனியாக வந்தது. நவம்பரில் இணைசேரும் காலம். பெண்மானை ஆண்மான் துரத்திக்கொண்டு போய்விடும், குட்டிகள் இரண்டு மூன்று நாள் தனியே திரியும். அதிலும் ஆண் குட்டிக்குப் பயம் கொஞ்சம் குறைவு, திறந்த வெளிக்கு முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அதுதான். தனியாக நிற்கும் மானுக்குப் பக்கத்தில் ஒப்பிட வேறெதுவும் இல்லாததால் ஸ்கோப்பில் எல்லா மானும் பெரிதாகத்தான் தெரியும். ஆகவே என் முதல் விதி: தனியாக வந்த கொம்பில்லா மானை அவசரப்பட்டுச் சுடுவதில்லை. ஒரு பத்து நிமிடம் பொறுத்தால் பின்னாலேயே இன்னொன்று வரும், அப்போது உண்மை தெரிந்துவிடும். வரவில்லை என்றால் அது அதன் பாட்டுக்குப் போகட்டும்.

இரண்டாவது காரணம், நான் உடம்பைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சிவகங்கைப் பக்கம் எங்கள் அப்பத்தா பத்திருபது வெள்ளாடு வைத்திருந்தார். சந்தையில் தூரத்தில் வரும் ஆட்டைப் பார்த்தே "இது இன்னும் பல்லு போடல" என்று சொல்லிவிடுவார். எப்படித் தெரியும் அப்பத்தா என்று கேட்டால், "மூஞ்சியப் பாருடா, குட்டி மூஞ்சிதானே" என்பார். அப்போது புரிந்ததும் இல்லை, அமெரிக்காவில் ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வந்ததும் இல்லை. அடுத்த கோடையில் பண்ணைக்காரர் அதையே அவர் பாஷையில் சொன்னபோதுதான் மண்டையில் உறைத்தது.

குட்டியின் முகம் குட்டை. கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை உள்ள தூரம் கொஞ்சம்தான், அதனால் காது முகத்துக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரியும், ஏறக்குறையத் தலை நீளத்துக்குக் காதும் இருப்பதுபோல. வளர்ந்த பெண்மானுக்கு முகம் நீண்டுவிடும், கழுத்து நீண்ட பாட்டிலைப் படுக்க வைத்ததுபோல, காது அதற்கு அளவாக அடங்கிப்போகும். கோடையில் பைனாகுலரை வைத்துக்கொண்டு சாலையோரம் மேயும் மான்களில் இதை மட்டும் பார்த்துப் பழகினேன். கண்ணிலிருந்து மூக்கு, அப்புறம் காது. ஒரு மாதத்தில் கண் பழகிவிட்டது. இதற்குத் துப்பாக்கியும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஸ்கோப்பில் மட்டும் பார்க்கக் கூடாது. ஸ்கோப்பில் பார்த்தால் துப்பாக்கி மானை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். என்னவென்று முடிவு செய்யும் வரை பைனாகுலர்தான்.

முகத்துக்கு அடுத்து உடம்பின் வடிவம். பக்கவாட்டில் நிற்கும்போது காலை விட்டுவிட்டு உடம்பை மட்டும் பாருங்கள். ஆறு மாதக் குட்டி சதுரம், சின்ன ட்ரங்குப் பெட்டி மாதிரி. வளர்ந்த பெண்மான் நீள்சதுரம், மார்பு ஆழமாக இறங்கியிருக்கும், வயிற்றுக்கோடு தொய்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, ஒன்றரை வயதுப் பெண்மான். அதற்கு உடம்புக்குக் கால் நீளமாகத் தெரியும், கழுத்து மெலிந்து, இடுப்பு ஒட்டி, பள்ளி முடித்த பிள்ளைகள்போல ஒரு ஒல்லி. முகம் குட்டிக்கும் பெரியதுக்கும் இடையில். இதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது. எனக்கு இன்னமும் நான்கில் ஒன்று தப்பாகிறது.

குளிர்கால மயிர் வந்துவிட்டால் உடம்பு வடிவம் ஏமாற்றும், குட்டியும் பஞ்சு மெத்தை போல உப்பித் தெரியும். அதனால் 2016 கோடையில் ஒரு வேலை செய்தேன். மான் தடம் போகும் வேலி ஓரத்தில் என் ஸ்டாண்டிலிருந்து நன்றாகத் தெரியும் ஒரு கல்லுக்காலில், தரையிலிருந்து சரியாக மூன்றடி உயரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். வளர்ந்த பெண்மானின் தோள் ஏறக்குறைய அந்தக் கோட்டை ஒட்டி வரும். குட்டியின் தோள் அதற்கு ஒரு சாண் கீழே. நீங்கள் யாருடைய நிலத்தில் வேட்டையாடினாலும் கேட்டுக்கொண்டு இதைச் செய்யுங்கள், செலவே இல்லை. தனியாக வரும் மானுக்கு ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம். மான் அந்தக் காலுக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும்தான் அது செல்லும் என்பதை மறக்கக் கூடாது, முன்னால் பத்து கஜம் தள்ளி நின்றால் கணக்கு தப்பும்.

ஆண் குட்டியா பெண் குட்டியா என்பதற்குத் தலை உச்சி. பெண்ணுக்கு இரண்டு காதுக்கும் நடுவே வளைந்து, முட்டையின் மேல்பக்கம்போல இருக்கும். ஆண் குட்டிக்குத் தட்டையாக இருக்கும், கொம்பு முளை இருக்கும் இடத்தில் மயிர் சுழித்துக் கருத்த இரண்டு புள்ளி தெரியும். ஆனால் இது ஐம்பது கஜத்துக்குள், நல்ல வெளிச்சத்தில், அது நம் பக்கம் தலையைத் திருப்பினால்தான் தெரியும். அதனால் மாலை மங்கும் நேரத்தில் நான் கொம்பில்லா மானைச் சுடுவதே இல்லை. கொம்புள்ள மானை மங்கிய ஒளியிலும் இனம் காணலாம், பெண்மானை முடியாது. பெண்மானுக்கான நேரம் காலை எட்டு முதல் பத்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

நடத்தையும் பேசும். கூட்டமாக வரும்போது வயலுக்குள் நுழையும் முன் தோப்பின் நிழலிலேயே நின்று மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்து, தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது பெரிய பெண்மான். சந்தேகம் வந்தால் முன்னங்காலால் தரையைத் தட்டும். அப்புறம் "ஃபூ" என்று ஒரு ஊதல், அவ்வளவுதான், அன்றைய வேட்டை முடிந்தது. ஒரு வருடம் இடது காது கிழிந்த ஒரு பெண்மான் என்னை ஆறு தடவை இப்படி ஊதிக் காட்டிக் கொடுத்தது. ஏழாவது தடவை நான் காற்றின் திசை பார்த்து வேறு மரத்துக்கு மாறியிருந்தேன்.

அந்தக் காது கிழிந்த மானைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018. மூன்று மான் வந்தன. முன்னால் அது, பின்னால் இரண்டு குட்டி. நீண்ட முகம், முதுகு நடுவில் கொஞ்சம் பள்ளமாக இறங்கியிருந்தது, தாடைக்கு அடியில் தோல் தொங்கியது, இடுப்பெலும்பு முனை தெரிந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் ஒரு குட்டி அதற்கு நேர் பின்னால் நின்றது. ரைஃபிள் குண்டு ஒரு மானைத் துளைத்துவிட்டு அடுத்ததையும் துளைக்கும். கூட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் மறப்பது இதைத்தான். எது என்று முடிவு செய்தபின் அதன் பின்னால் மண் மட்டும் இருக்கும் நொடி வரை காத்திருக்க வேண்டும். நான்கு நிமிடம் காத்திருந்தேன். குட்டி இரண்டடி நகர்ந்தது. சுட்டேன்.

இறக்கி வைத்தபிறகு பண்ணைக்காரர் டார்ச்சைக் கொடுத்து, "வாயைப் பார்" என்றார். இங்கேதான் அப்பத்தாவின் பாடமும் மானின் பாடமும் பிரிகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாம் முன்பல்லைப் பார்ப்போம், ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று. மானுக்கு ஒன்றரை வயதுக்குள் முன்பல் எல்லாம் நிரந்தரப் பல்லாக மாறிவிடும், அதற்குமேல் முன்பல் ஒன்றும் சொல்லாது. கடைவாய்ப் பல்லைத்தான் பார்க்க வேண்டும். வாயோரத்தைக் கத்தியால் கொஞ்சம் கீறி, தாடையை விரித்து, டார்ச் அடித்தால் கீழ்த்தாடையில் வரிசை தெரியும். முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு போங்கள். ஆறு பல் முழுதாக இல்லையென்றால் அந்த வருடத்துக் குட்டி. ஆறும் இருந்து, மூன்றாவது பல்லுக்கு மூன்று முகடு இருந்தால் அது தேய்ந்த பால்பல், அந்த மானுக்கு ஒன்றரை வயது. அதே வயதில் சில மானுக்கு அந்தப் பல் விழுந்து, தேயாத வெள்ளைப் பல் ஒன்று இரண்டு முகட்டோடு முளைத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது பல்லுக்கு இரண்டு முகடு, அதுவும் மற்றப் பற்களைப் போலக் கறை படிந்து தேய்ந்திருந்தால் இரண்டரையோ அதற்கு மேலோ.

அந்த மானுக்கு எனக்குக் கிடைத்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பல்லின் வெளி ஓடு வெள்ளை, உள்ளே பழுப்பு. இளம் மானுக்கு முகடுகள் கத்தி முனை போல நிற்கும், பழுப்புக் கோடு நூல் மாதிரி மெலிசாக இருக்கும். வயது ஏற ஏற நான்காவது பல்லில் பழுப்பு வெள்ளையைவிட அகலமாகும், அடுத்த வருடம் ஐந்தாவது பல்லில். இதற்கோ நான்காவது பல் முழுக்கத் தட்டை, அம்மிக்கல் போல வழுவழுப்பு, நடுவில் குழி. புல்லையும் ஓக் கொட்டையையும் வருடக்கணக்கில் அரைத்த பல். விரலை வைத்துத் தடவினேன். அதன் மடியில் அப்போதும் கொஞ்சம் பால் இருந்தது.

"கிழட்டு மான் குட்டி போடாது, தின்று தீர்க்கும், அதைச் சுடு" என்று ஒரு பேச்சு இங்கே எல்லா டீக்கடை மாதிரி இடங்களிலும் கேட்கும். நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை அன்றைக்கு விட்டுவிட்டேன். வெள்ளைவால் பெண்மான் பத்து வயது தாண்டியும் சினை பிடிக்கும், மலட்டு மான் என்பது மிக அபூர்வம்.

பல் தேய்மானத்தை வைத்து வயது சொல்லும் இந்த முறையை நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த செவரிங்ஹாஸ் என்ற உயிரியலாளர் 1949இல் எழுதி வைத்தார், இன்றுவரை அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. குட்டி, ஒன்றரை, அதற்கு மேல் என்ற மூன்று வகைக்கு அது கல்லில் எழுதியதுபோல. அதற்கு மேலே போனால் மண், தீனி, மானுக்கு மான் வேறுபாடு எல்லாம் சேர்ந்து குழப்பும். துல்லியமாக வேண்டுமென்றால் முன்பல் ஒன்றைப் பிடுங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். வேரை மெல்லிசாகச் சீவி, மரத்துக்கு வளையம் எண்ணுவதுபோல நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்வார்கள். நான் அந்தக் காது கிழிந்த மானுக்கு மட்டும் அனுப்பினேன். ஒன்பதரை என்று வந்தது. பண்ணைக்காரர் ஆறு என்று சொல்லியிருந்தார், நான் ஐந்து.

இதனால்தான் சொல்கிறேன், உயிரோடு நிற்கும் பெண்மானில் இரண்டரையா நாலரையா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது யாருக்கும் சரியாகத் தெரியாது, தெரிவதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்மானுக்குச் சொல்லப்பட்ட அடையாளங்களைப் பெண்ணுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். மூன்று கூடைதான்: குட்டி, ஒன்றரை, பெரியது. இதில் எந்தக் கூடை என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

எந்தக் கூடையிலிருந்து எடுப்பது என்பது நிலத்துக்காரருக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. இதை வேட்டைக்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும், மரத்தின் மேல் ஏறியபிறகு யோசிக்கக் கூடாது. எங்கள் நிலத்தில் மான் மிக அதிகம், குதிரைமசால் முதல் அறுப்பையே அது பாதி தின்றுவிடுகிறது. அங்கே பெரிய பெண்மானை எடுத்தால் அடுத்த ஜூனில் வரவேண்டிய இரட்டைக் குட்டியும் கணக்கிலிருந்து போகும். ஒன்றரை வயதுப் பெண்ணின் ஈற்றில் சராசரியாக அதைவிடக் குட்டி குறைவாக இருக்கும். மான் குறைவாக உள்ள நிலத்தில் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பெரியதை விட்டுவைத்து இளசை எடுக்கலாம், இல்லை எதையுமே எடுக்காமல் ஒரு வருடம் விடலாம். பெண் குட்டியைச் சுடுவதில் தப்பு ஒன்றும் இல்லை, கறியும் நன்றாக இருக்கும். எனக்கு மனம் வருவதில்லை, அது என் விருப்பம், மற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணிக்கை குறைய வேண்டிய இடத்தில் எந்தப் பெண் என்பதைவிடப் போதுமான பெண் என்பதுதான் முக்கியம். மிகச் சரியான மானுக்காகக் காத்திருந்து ஒன்பது நாளும் வெறுங்கையோடு வந்த ஒரு வருடமும் எனக்கு உண்டு, அந்த வருடம் நிலத்துக்காரருக்கு நான் எந்த உதவியும் செய்யவில்லை.

முதல் வருடத்திலேயே என் மனைவி கேட்டாள், "ஏங்க, தாயைச் சுட்டா அந்தக் குட்டி என்னங்க ஆகும்?" நியாயமான கேள்வி. மே கடைசியிலிருந்து ஜூனுக்குள் பிறந்த குட்டி மூன்று மாதத்துக்குள் பாலை நம்பியிராமல் தானே மேயத் தொடங்கிவிடும், நவம்பரில் அதற்கு ஆறு மாதம், தனியாகப் பிழைத்துக்கொள்ளும், பெரும்பாலும் தாயின் சொந்தக்காரப் பெண்களின் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். வர்ஜீனியாவில் நடந்து 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தாயை இழந்த ஆண் குட்டிகள் பிறந்த இடத்தை விட்டுப் போவது மிகவும் குறைவாக இருந்தது, ஏனென்றால் ஒன்றரை வயதில் அதைத் துரத்தி விடுவதே தாயும் மற்றப் பெண்களும்தான். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "புள்ளி இருக்கிற குட்டி கூட நின்னா மட்டும் சுடாதீங்க" என்றாள். செப்டம்பரில் வில் வேட்டை தொடங்கும்போது சில குட்டிகளுக்குப் புள்ளி மறைந்திருக்காது. அந்த வாக்கைக் காப்பாற்றி வருகிறேன்.

பழைய தமிழில் ஆண்மானுக்குக் கலை, பெண்மானுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று தனித்தனிப் பெயர் இருந்திருக்கிறது. ஊரில் எங்கள் அப்பத்தா பெட்டை வெள்ளாட்டுக் குட்டியை மறி என்றுதான் சொல்வார். மூன்று பெயர் வைத்தவர்கள் மூன்றையும் தூரத்திலிருந்தே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக இறைச்சி. ஐயோவா கவுண்டியும் பக்கத்து டேன் கவுண்டியும் மான்களின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் மையம் கொண்ட பகுதி. விஸ்கான்சினில் 2002 பிப்ரவரியில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது டேன் கவுண்டியிலுள்ள மவுண்ட் ஹோரெப் என்ற ஊருக்கு அருகேதான். நோய்க்குக் காரணமான பிரியான் என்ற கோளாறான புரதம் சமைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானின் கறியைத் தின்ன வேண்டாம் என்றே அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. மாநில இயற்கை வளத் துறை இலவசமாகச் சோதித்துத் தருகிறது. தலையைக் கழுத்தோடு வைத்துவிட்டு வர ஆங்காங்கே பெட்டி இருக்கிறது. முதலில் பல்லைப் பார்த்து வயதை எழுதிக்கொள்ளுங்கள், தலையைக் கொடுத்தபிறகு பார்க்க முடியாது. முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். வளர்ந்த மானில் நோய் இருக்க வாய்ப்பு குட்டியைவிட அதிகம், பெரியதை எடுப்பவர்கள் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. 2021இல் எனக்கு ஒரு மானுக்கு நோய் இருப்பதாக வந்தது. முழுவதையும் குப்பைக் கிடங்குக்கு அனுப்பினேன். நாற்பது பவுண்டு கறி. மனசு வலித்தது, ஆனால் அதில் யோசிக்க எதுவும் இல்லை.

அதனால் முடிவு வரும் வரை ஒவ்வொரு மானின் கறியும் தனித்தனி. எலும்பை நீக்கி, சவ்வைச் சீவி, இரண்டு பவுண்டு பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் தேதி, மான் எண், வயது மூன்றையும் எழுதுகிறேன். வயது என் மனைவிக்காக. குட்டியும் ஒன்றரையும் குக்கரில் நாலு விசிலில் வெந்துவிடும். பெரியதென்றால் எட்டு, அதுவும் முதல் நாள் இரவே இஞ்சி பூண்டும் தயிரும் தடவி வைத்திருந்தால். காது கிழிந்த அந்த ஒன்பதரை வயது மானுக்குப் பதினொரு விசில் ஆனது. மிளகு தூக்கலாகப் போட்டு வறுவல் செய்தாள், பண்ணைக்காரருக்கும் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன்.